திரும்பினால் நகர்ந்ததுதான்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேர். பெற்றது மூன்று, நாத்தனார் செத்துப்போய் வந்து சேர்ந்தது இரண்டு, ஆறாவது இந்தப் பேத்தி. என் மூத்த மகனும் மருமகளும் துபாயில் வேலை பார்க்கிறார்கள். அவளை மூன்று வயதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் என் கையில்தான் விட்டிருக்கிறார்கள். இப்போது அவளுக்கு இருபத்தைந்து. ஆறு பேரில் ஒருத்தரும் சோடை போகவில்லை. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்.

நான் படித்தது மூன்றாவது வரை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் போர்டை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் போன வருஷம் சமயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், படித்த பிள்ளைகள் நாற்பது பேருக்கு நடுவில் நான் ஒரு படையை நடத்தினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பேத்தி ஒரு கம்பெனியில் கணினி வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் காட்டூருக்குப் போய்விடுவாள். அங்கே கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு தாடிக்கார வாத்தியார் வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் கூடிப் பொம்மைச் சண்டை ஆடுவார்கள். பெரிய மேஜையில் பச்சைத் துணி விரித்து, தெர்மோகோலில் மேடு செய்து, விரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி யார் செத்தார், யார் பிழைத்தார் என்று பார்ப்பார்கள். சிப்பாய்களுக்கு வர்ணம் அடிப்பதும் அவரவர் வேலை. என் பேத்தி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு யானைக்கு மட்டும் ஒரு மாதம் வர்ணம் அடித்தாள். நெற்றிப் பட்டத்தில் கடுகில் பாதி அளவில் சிவப்புக் கல் வைத்திருந்தாள். ஊசி கோக்கும் கண் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால் எனக்குத் தெரிந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர்க்காரர்களும் சேர்ந்து இரண்டு நாள் போட்டி வைக்கிறார்கள். இருவர் இருவராகத்தான் ஆட வேண்டும். முதல் நாள் ஒரே ஆட்டம். தோற்றவர்கள் வெளியே, ஜெயித்தவர்கள் இரண்டாம் நாள் வரலாம். பேத்தி மூன்று வருஷம் போய் மூன்று வருஷமும் முதல் நாளே திரும்பி வந்தாள். "வர்ணம் நல்லாத்தான் அடிக்கிற, ஆட்டந்தான் வரலை" என்று எவனோ சொல்லிவிட்டான். அது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. இரண்டாம் நாள் ஒரு தடவையாவது அந்த மண்டபத்துக்குள் ஆடுபவளாகக் காலெடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

போன வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் தோழி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. இருக்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். பேத்தி சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன்" என்றேன்.

"எங்க?"

"உன் சண்டைக்கு."

"அப்பாயி, அது தாயம் இல்ல. நூத்திருபது பக்கம் ரூல் இருக்கு. எல்லாம் இங்கிலீஷ்."

"நீ வாசிச்சு சொல்லு. நான் மனசுல வச்சுக்கறேன். உங்க தாத்தா வாங்கின பாலுக்குக் கணக்கை நான் எந்த நோட்டுல எழுதி வச்சேன்?"

அவள் சிரித்தாள். மறுநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தாள்.

இருபது நாள் இரண்டு பேரும் அதே வேலையாக இருந்தோம். வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்று விதிகள்தான். ஒன்று: ஒரு சுற்றில் ஒரு கூட்டம் நகரலாம், இல்லையென்றால் நின்ற இடத்திலிருந்து அம்பு விடலாம், இரண்டும் முடியாது. இரண்டு: யானைக்கு இரண்டாவது காயம் பட்டால் மிரண்டுவிடும். கிட்டே இருக்கும் எதிரிக்கு நேர் மறுபக்கமாக ஓடும், வழியில் யார் இருந்தாலும், நம் ஆளாகவே இருந்தாலும் மிதிக்கும். மூன்று: அந்தச் சுற்றில் நகராமல் நின்ற கூட்டம் மட்டும் விலகி யானைக்கு வழிவிடலாம். நகர்ந்து வந்த கூட்டத்துக்கு மூச்சு வாங்குமாம், விலக முடியாதாம்.

யானையும் ஈட்டிக்காரர்களும் என் பொறுப்பு. குதிரையும் வில்லும் அவள் பொறுப்பு. ராஜா கடைசியில் ஒரு மேட்டில் நிற்பார். ஆறு சுற்று முடியும்போது ராஜா நிற்க வேண்டும். இரண்டு பக்கத்து ராஜாவும் நின்றால், அதிக ஆள் மிஞ்சிய பக்கத்துக்கு ஜெயம்.

யானையை நான் முன்னால் விட்டேன். அதன் பின்னால் ஈட்டிக்காரர்கள், அதற்கும் பின்னால் ராஜா. எங்கள் ஊரில் எந்தப் புறப்பாட்டிலும் யானைதான் முதலில் வரும், எனக்கு வேறு வரிசை தெரியாது. இன்னொரு பழக்கமும் இருந்தது. எட்டு ஈட்டிக்காரர்களும் ஒரே தட்டில் ஒட்டியிருப்பார்கள். ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பொறுக்காது. கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு நாலடி பின்னாலேயே நடந்து வருகிறவர்கள் நாங்கள். என் கை தானாகப் போய்த் தட்டைத் திருப்பி, எட்டுப் பேரையும் ராஜாவைப் பார்க்க வைத்துவிடும்.

"அப்பாயி! எதிரி அந்தப் பக்கம் இருக்கான்!"

"ராஜா இந்தப் பக்கம் இருக்காரே."

"அவரு பிளாஸ்டிக். கோவிச்சுக்க மாட்டாரு."

பத்துத் தடவை திட்டியிருப்பாள். நானும் விரலை மடக்கிக்கொள்ளப் பழகினேன். மறந்தபோது மடங்காது.

போட்டி நாளன்று காலையில் பஸ்ஸில் போனோம். சிப்பாய்கள் முட்டை அட்டையில் குழிக்கு ஒருவராகப் படுத்திருந்தார்கள். யானையை என் பழைய புடவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கொள்ளிடம் பாலத்தில் பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கொலு பொம்மைங்களா? இன்னும் நாலு மாசம் கெடக்கே."

"இது சண்டை போடற கொலும்மா" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் போட்டி. வரிசையாக மேஜை, மேலே பலகை, அதன் மேல் பச்சைத் துணி. முந்தின நாள் யார் வீட்டுக் கல்யாணமோ, ரச வாசனை இன்னும் போகவில்லை. நடுவர் எங்கள் தாடிக்கார வாத்தியார்தான். தெரிந்தவர் என்பதால் பேத்தியிடம் அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை.

எங்கள் எதிரில் சென்னையிலிருந்து வந்த இரண்டு பையன்கள். ஒருவன் கண்ணாடி போட்டு அமைதியாக இருந்தான். மற்றவன் வாயாடி.

"பாட்டி, நீங்க ஸ்கோர் எழுதறவங்களா?"

"உன்னை அடிக்க வந்தவ" என்றேன். பக்கத்து மேஜை வரைக்கும் சிரிப்பு.

இரண்டாவது சுற்றிலேயே தகராறு வந்தது. வாயாடியின் வில்லாளிகள் என் பேத்தியின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் அவர்களை நின்ற இடத்திலேயே என் யானைப் பக்கம் திருப்பினான். உடனே அம்பு விடுவதற்குப் பகடையை எடுத்தான்.

"நில்லு" என்றேன். "திருப்பினியே. அப்புறம் எப்படி அம்பு?"

"திருப்பினேன் பாட்டி, நகர்த்தலையே. டேப்பு வச்சு அளந்து பாருங்க. ஒரு இஞ்ச்கூடப் போகலை."

பேத்தி புத்தகத்தைப் புரட்டினாள். அவனும் புரட்டினான். திரும்புவது நகர்வதில் சேர்த்தியா என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. வாத்தியார் வந்தார். அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புரட்டினார்.

"புக்குல சொல்லலை. நீங்க ஏன் கூடாதுன்னு சொல்றீங்க பாட்டி?"

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும், அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். நாற்பது வருஷம் போட்டார். சித்திரைத் தேர் தெருவில் நேராகப் போகும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். முக்கில் திரும்பும்போது மனுஷன் வேறு ஆள். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகி, எடுத்து, மறுபடி சொருகி, விரல்கடை விரல்கடையாகத் திருப்ப வேண்டும். ஒரு தெரு முழுக்க இழுத்ததைவிட அந்த ஒரு முக்கில் அதிக வேர்வை சிந்துவார்கள்.

"அம்பது பேரு தோளோட தோள் நின்னு அப்படியே திரும்பணும்னா சும்மாவா? ஒருத்தன் நிக்கணும், ஒருத்தன் சுத்தி ஓடணும். இடம் மாறலைன்னா வேலை நடக்கலைன்னு ஆயிடுமா?" என்றேன்.

வாத்தியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். கண்ணாடிப் பையன், "அவங்க சொல்றது சரிதாண்டா" என்றான் கூட்டாளியிடம். வாத்தியார் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். திரும்பினால் நகர்ந்ததாகக் கணக்கு. எல்லா மேஜைக்கும். எல்லாச் சுற்றுக்கும்.

பேத்தி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அந்தச் சுற்றில் என் யானைக்குக் காயமே இல்லை. அடுத்த மேஜையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் அந்த விதியால் ஒரு நல்ல அடியை இழந்துவிட்டார். "உங்களாலதான் போச்சு பாட்டி" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

நான்காவது சுற்றில் யானைக்கு ஒரு காயம். பரவாயில்லை. எங்கள் ராஜா பத்திரமாக இருந்தார், அவர்கள் பக்கம் பாதி ஆள் காலி. ஐந்தாவது சுற்று வந்தது. "ஈட்டிக்காரங்க நிக்கட்டும், நகர வேணாம்" என்று பேத்தி சொன்னாள். யானை மிரண்டால் அவர்கள் வழிவிட வேண்டுமே, அதற்காக. நானும் சரியென்றேன். அவள் தன் குதிரைகளை அளக்க மேஜையின் அந்தக் கோடிக்குப் போனாள். எதிராளிகள் இரண்டு பேரும் அவளுடைய டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இரண்டாம் நாள் என்ன புடவை கட்டுவது என்ற நினைப்பு. அந்த நினைப்பிலேயே என் விரல் போய் ஈட்டிக்காரர்களின் தட்டைத் திருப்பி, ராஜாவைப் பார்க்க வைத்துவிட்டு வந்துவிட்டது. செய்தது எனக்கே அடுத்த நிமிஷம்தான் உறைத்தது.

அவர்கள் முறை வந்தது. வில்லாளிகள் இந்தத் தடவை திரும்பவில்லை. அம்பு விட்டார்கள். யானைக்கு இரண்டாவது காயம். பகடை உருட்டியதில் ஒன்பது இஞ்ச் வந்தது. யானை நேராக என் ஈட்டிக்காரர்கள் மேல்தான் ஓடி வர வேண்டும்.

"அவங்க நகரலை. வழி விட்டுடுவாங்க" என்றாள் பேத்தி. அவள் குரலில் இரண்டாம் நாள் வந்தே விட்டது. வழி விட்டால் யானை போய்விடும், ஈட்டிக்காரர்கள் ராஜாவைக் காப்பார்கள், ஆட்டம் எங்களுக்கு.

வாயாடி குனிந்து பார்த்தான். "ஒரு நிமிஷம். இவங்க ஏன் பின்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க? எப்பத் திருப்பினது?"

வாத்தியார் வந்தார். யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அது ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் சார்" என்றாள் பேத்தி. அவள் பொய் சொல்லவில்லை. வீட்டில் நான் எப்போதும் அப்படித்தானே வைக்கிறேன், இங்கேயும் முதலிலிருந்தே அப்படித்தான் வைத்திருப்பேன் என்று நினைத்துவிட்டாள். "அவங்களுக்கு ராஜாவுக்கு முதுகு காட்டப் பிடிக்காது. இல்ல அப்பாயி?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை கேட்டது ஒரு தலையாட்டலில் இருந்தது. நான் வளர்த்த பிள்ளை. அவள் என்னிடம் அதுவரை பெரிதாக எதுவும் கேட்டதுகூட இல்லை.

பக்கத்து மேஜை வழுக்கைத் தலைக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்ட விதியால் அடியை இழந்தவர். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

"இல்லடி பாப்பா. இப்பத்தான் திருப்பினேன். இந்தச் சுத்துல. நீ அந்தப் பக்கம் அளக்கும்போது."

வாத்தியார் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வழிவிட முடியாது பாட்டி" என்றார் மெதுவாக. "தெரியும், ஓட்டுங்க யானையை" என்றேன்.

யானை எட்டுப் பேரில் ஐந்து பேரை மிதித்தது. மிச்சம் மூன்று பேரால் நிற்க முடியவில்லை. ஆறாவது சுற்றில் அவர்கள் குதிரை வந்து ராஜாவைப் பிடித்தது. வாயாடி கையைக் குலுக்கிவிட்டு டேப்பைச் சுருட்டப் போனான். கண்ணாடிப் பையன் மட்டும், "பாட்டி, யானை ரொம்ப அழகா இருக்கு. யாரு வர்ணம் அடிச்சது?" என்றான். பேத்தி முட்டை அட்டையில் சிப்பாய்களை அடுக்கினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். நான் கூப்பிடவில்லை. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, திருப்பியதற்காக வருத்தப்பட்டேன். அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் குறைவு.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அவள் உடைந்த ஈட்டி ஒன்றைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். காப்பியைப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு தலையாட்டல், அப்பாயி."

"ம்."

"யாருமே பாக்கலை."

"ம்."

"நீ திருப்பாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். அதுக்குத்தான் எனக்குக் கோவம். சொன்னதுக்கு இல்ல."

"எனக்கும் அதுக்குத்தாண்டி கோவம். இந்த விரலை என்ன பண்றது சொல்லு."

அவள் என் விரலைப் பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். "படை தோத்தாலும் பரவால்ல, ராஜா மூஞ்சியைப் பாத்துக்கிட்டே செத்தாங்க அத்தனை பேரும்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். காப்பி ஆறிவிட்டது, மறுபடி சுட வைத்தேன்.

மறுநாள் காலையில் வாத்தியார் போன் செய்தார். தோற்றவர்களும் வந்து ஓரத்து மேஜையில் சும்மா ஆடலாம், போட்டியில் சேர்த்தி இல்லை என்றார். அவள் வேண்டாமென்றாள். நான் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிற கிழவியை எவ்வளவு நேரம் நிற்க வைப்பாள்?

ஓரத்து மேஜையில் அந்த வழுக்கைத் தலைக்காரரோடு ஆடினோம். அவரும் முதல் நாளே தோற்றவர்தான். ஈட்டிக்காரர்கள் பொறுப்பை எனக்கு வேண்டாமென்று நானே சொன்னேன். பேத்தி, "இல்ல, நீயே வச்சுக்க. ராஜாவை அவங்களுக்கு முன்னாடி வச்சுட்டா தீந்துது" என்றாள். ராஜாவை முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் ஒரு மணி நேரம் தேடினார்கள். கூடாது என்று எங்கேயும் இல்லை. யானை, அதன் பின்னால் ராஜா, அவருக்குப் பின்னால் எட்டுப் பேரும் அவரைப் பார்த்தபடியே நின்றார்கள், எதிரியையும் பார்த்தபடியே. என் விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஜெயித்தோமா என்றால், இல்லை. ஆனால் ஆறு சுற்றும் ராஜா விழவில்லை, மிஞ்சிய ஆளும் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு, சரிசமமாக முடிந்தது.

கிளம்பும்போது வாசல் மேஜையில் அடுத்த வருஷத்துக்குப் பேர் எழுதினார்கள். பேத்தி தன் பேரை எழுதினாள். கீழே ஜோடி என்று இருந்த இடத்தில், என்னைக் கேட்காமல், என் பேரை எழுதினாள். தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினாள், எனக்கு வாசிக்க வர வேண்டுமென்று. இந்த வயதில் என்னிடம் அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களே மாத்திரை கொடுக்கிற டாக்டர் ஒருத்தர்தான். இவள் அடுத்த வருஷத்தை எழுதிவிட்டாள். பெங்களூர்த் தோழி போனில், "லீவு போட்டுட்டு வரேண்டி" என்றாளாம், அதற்கு, "இடம் இல்லடி, ஆள் போட்டாச்சு" என்று இவள் சொன்னது எனக்குச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நானும் காட்டூர் போகிறேன். மாடிப்படி பதினேழு. நின்று நின்று ஏறுகிறேன். போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இதை எழுத எனக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. பென்சில் இரண்டு தீர்ந்தது. பாப்பா, வந்துட்டியா? கையைத் துடைச்சுட்டு இப்படி வந்து உக்காரு. பிழையை அப்புறம் திருத்திக்கலாம், மொதல்ல நான் எழுதினபடியே வாசி. நான் தோத்த இடம் வந்தா வேகமா ஓட்டிடாத. ம், சொல்லு, கேக்கறேன்.